ஒரு படி கீழே

டிசம்பர் வந்தால் மயிலாப்பூரில் பாதிப் பேருக்குக் கச்சேரி ஜுரம், எனக்கு ஆள் பிடிக்கும் ஜுரம். எங்கள் கல்லூரியின் பருவத் தேர்வு சரியாக அந்த மாதத்தில்தான் வந்து விழும். பார்வையில்லாத மாணவர்கள் சொல்லச் சொல்ல அவர்களுக்காக விடைத்தாளில் எழுதுகிறவரை ஸ்க்ரைப் என்போம். எனக்கு வாய்த்த ஸ்க்ரைப்கள் பெரும்பாலும் மாட வீதிகளைச் சுற்றியிருக்கும் ஃபிளாட்டுகளில் வசிக்கும் மாமாக்கள், மாமிகள். வருஷம் முழுக்கக் கூப்பிட்ட குரலுக்கு வருவார்கள். டிசம்பரில் மட்டும் ஊரில் இருந்துகொண்டே ஊரில் இல்லாதவர்கள் ஆகிவிடுவார்கள். காலையில் சங்கீதத்தைப் பற்றிப் பேச்சு, மத்தியானம் வளர்ந்துவரும் பாடகர், சாயங்காலம் வளர்ந்துவிட்ட பாடகர், நடுநடுவே கேன்டீன். இதில் யாருக்காவது பரீட்சை எழுத நேரம் ஏது.

நான் பொருளாதாரம் நடத்துகிறவள். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான பிரிவைக் கூடுதல் பொறுப்பாக என் தலையில் கட்டியபோது, “ஒண்ணும் இல்ல மேடம், வருஷத்துக்கு ரெண்டு கையெழுத்து” என்றார்கள். ஆளைத் தெரியாமல் சொல்லிவிட்டார்கள். எனக்கு வாய் நீளம், பொறுமை குட்டை. பொறுப்பேற்ற கையோடு, நூலக வாசல் சாய்தளத்தின் மேல் அழகுக்காக அடுக்கியிருந்த குரோட்டன்ஸ் தொட்டிகளை எல்லாம் தூக்கி முதல்வர் அறை வாசலில் வைக்கச் சொன்னேன். “இங்கேயும் அழகாத்தானே இருக்கு சார்” என்றேன். சக்கர நாற்காலியில் வரும் மாணவியின் வகுப்பை இரண்டாம் மாடியிலிருந்து தரைத்தளத்துக்கு இறக்கினேன். காது கேளாத மாணவனுக்கு வாய்மொழித் தேர்வை எழுத்தில் நடத்த வைத்தேன். அடியாத மாடு படியாது என்பார்கள். நான் யாரையும் அடிப்பதில்லை. படிகிறவரைக்கும் தினமும் போய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வேன், அவ்வளவுதான்.

ஆனால் ஸ்க்ரைப் விஷயத்தில் உட்கார்ந்து சாதிக்க முடியாது, ஓடித்தான் ஆகவேண்டும். அதில் ஒரு விதி வேறு. எழுதுகிறவர் மாணவரைவிட ஒரு படியாவது கீழே படித்தவராக இருக்க வேண்டும். பி.ஏ. மாணவனுக்கு பி.ஏ. முடித்தவர் எழுதக் கூடாது. பதில் தெரிந்தவர் திருத்தி எழுதிவிடலாம் அல்லவா. விதி நியாயமானதுதான். ஆனால் தடுக்கி விழுந்தால் பட்டதாரி மேல் விழும் ஊரில் பட்டம் இல்லாத ஆளுக்கு எங்கே போவது. பள்ளிப் பிள்ளைகளைக் கேட்கலாம் என்றால், தமிழ்வழியில் படிக்கும் மாணவன் சொல்வதைத் தமிழில் மளமளவென்று எழுத அவர்களுக்குக் கை வருவதில்லை. கடைசியில் எனக்குக் கைகொடுத்தவர்கள், அந்தக் காலத்தில் பட்டப்படிப்புக்கு முந்தின பி.யு.சி.யோடு படிப்பு நிறுத்தப்பட்டுக் கல்யாணம் செய்து அனுப்பப்பட்ட மாமிகள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், பட்டம் இருக்காது. பி.யு.சி.க்கு இன்றைக்கும் மவுசு இருக்கிற ஒரே இடம் என் அறைதான் என்று நான் பெருமையடித்துக்கொள்வது உண்டு.

அந்த டிசம்பரில் என்னை ஓட வைத்தவன் ஊரூர் ஒல்காட் குப்பத்திலிருந்து வந்த ஒரு வரலாறு மாணவன். பிறவியிலேயே பார்வை கிடையாது. அம்மா பெசன்ட் நகரில் மீன் விற்கிறார். வகுப்பில் ஒரு தடவை கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொன்னால் வாத்தியாரின் இருமல் வரைக்கும் சொல்லுவான். மூன்று வருஷப் படிப்பில் மற்றதெல்லாம் முடித்துவிட்டான், இரண்டு பாடம் மட்டும் பாக்கி. இரண்டையும் இரண்டு தடவை எழுதிக் கோட்டைவிட்டிருந்தான். ஒரு தடவை எழுத வந்தவனுக்கு அவன் சொன்னதில் பாதிதான் தாளில் ஏறியது. அடுத்த தடவை வந்தவர் நடுவில் கண்ணயர்ந்துவிட்டார்.

“மேடம், எனக்குத் தெரிஞ்சது பேப்பர்ல ஏற மாட்டேங்குது. நான் ஃபெயிலாவல மேடம், என் கை ஃபெயிலாவுது” என்றான்.

இந்தத் தடவை பாஸானால் ஜூனில் பி.எட். சேரலாம். வரலாற்று ஆசிரியர் ஆக வேண்டும் என்பது அவன் ஆசை. இல்லாவிட்டால் அக்கா புருஷன் பார்த்துவைத்திருக்கும் கால் சென்டர் வேலைக்குப் போய்விடுகிறேன் என்று வீட்டில் வாக்குக் கொடுத்துவிட்டான். வாக்கு கொடுத்தால் காப்பாற்றுகிற ரகம். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

முதல் தேர்வுக்கு முந்தின நாள் மத்தியானம், பேசிவைத்திருந்த மாமா போன் செய்தார். “தொண்டை கட்டிண்டிருக்கு, ஜுரம் வரும்போல இருக்கு” என்றார். அவருக்குப் பின்னால் தம்பூரா கேட்டது.

“எழுதறதுக்குத் தொண்டை எதுக்கு மாமா?” என்றேன். லைன் கட்டாகிவிட்டது.

வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டேன். கும்பிடும் கைகளாக வந்து விழுந்தன, ஆள் ஒருத்தர் வரவில்லை. சரி, ஆள் இருக்கிற இடத்துக்கே போவோம் என்று ஆட்டோ பிடித்து ஒரு சபாவின் கேன்டீனுக்குப் போனேன். அங்கேதான் அந்த மாமி இருந்தார். காய்கறிக் கடையில் பார்த்துப் பேசிப் பழக்கம், இதற்குமுன் ஸ்க்ரைப்பாக வந்ததில்லை. வாழையிலையில் அடையும் அவியலும் வைத்துக்கொண்டு, அப்போதுதான் கேட்டு முடித்த கச்சேரியைப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் பிரித்து மேய்ந்துகொண்டிருந்தார்.

“மாமி, நீங்க பி.யு.சி.தானே?” என்றேன்.

வாய்க்குப் போன கை நின்றது. “ஏன், இப்ப அதுக்கென்ன?”

“நாளைக்குக் காலையில உங்க பி.யு.சி. எனக்கு வேணும்.”

விஷயத்தைச் சொன்னேன். அடையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “எழுதறது ஒண்ணும் பெரிசில்லை. ஆனா நாளைக்கு ரெண்டரைக்கு ஒரு கச்சேரி இருக்கு. வருஷம் பூரா அதுக்காகக் காத்துண்டிருக்கேன்” என்றார்.

“ரெண்டு மணிக்கு முடிஞ்சிடும் மாமி. வாசல்லயே ஆட்டோ நிக்கும்.”

“சுருதி சேர்க்கறதுக்கு முன்னாடி நான் உள்ள உட்கார்ந்திருக்கணும்.”

“உட்கார்ந்திருப்பீங்க.”

“என்ன பேப்பர்?”

“ஹிஸ்டரி.”

மாமி கையைத் துடைத்துக்கொண்டார். “நான் அதான் படிக்கணும்னு இருந்தேன். காலேஜ் ஃபாரம் கூட வாங்கி வெச்சிருந்தேன். அதுக்குள்ள அப்பா ஜாதகத்தை எடுத்துட்டார்” என்றார். வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. எத்தனை பேனா எடுத்துக்கொண்டு வரவேண்டும் என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலையில் சொன்ன நேரத்துக்கு முன்பே பட்டுப்புடவையில் வந்து நின்றார். இங்கிருந்து நேராகக் கச்சேரிக்குப் போகிற ஏற்பாடு. விதிகளைச் சொன்னேன். மாணவன் சொன்னதை அப்படியே எழுத வேண்டும், கேட்கவில்லை என்றால் திருப்பிக் கேட்கலாம், மற்றபடி ஒரு வார்த்தை பேசக் கூடாது. “எனக்குத் தெரியாதா” என்றார். இருவரையும் அறிமுகப்படுத்தினேன்.

“நான் கொஞ்சம் ஸ்பீடா சொல்வேன் மாமி” என்றான் அவன்.

“சொல்லு. மென்னு முழுங்காம சொன்னா போறும்.”

அவர்களுக்கென்று தனி அறை ஒதுக்கியிருந்தேன். மற்றவர்கள் மூன்று மணி நேரம் எழுதும் தேர்வுக்கு இவனுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம். கண்காணிக்க ஒரு இளம் விரிவுரையாளர், அந்த வருஷம்தான் வேலைக்குச் சேர்ந்த பெண். நான் நடையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். உள்ளிருந்து அவன் குரல் மட்டும் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. நிற்காமல் கேட்டதே எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதுகிறவர் திணறினால் குரல் நின்று நின்று வரும்.

மணி அடித்ததும் மாமி விரலைச் சொடுக்கிக்கொண்டே வந்தார். அவன் முகத்தில் சிரிப்பு. “முப்பது பக்கம் மேடம். எல்லாம் ஏறிடுச்சு” என்றான். வாசலில் ஆட்டோ நின்றது. மாமி படி இறங்கப் போனபோதுதான் தலைமைக் கண்காணிப்பாளர் எங்கள் மூவரையும் கூப்பிடுகிறார் என்று ஆள் வந்தது.

தலைமைக் கண்காணிப்பாளர் தேர்வுக்காக வேறு கல்லூரியிலிருந்து அனுப்பப்பட்டிருந்த தாவரவியல் பேராசிரியர். கெட்டவர் இல்லை, பயந்தவர். கெட்டவர்களோடு சண்டை போடுவது எனக்குச் சுலபம், பயந்தவர்களோடுதான் கஷ்டம். அவர் மேசைக்கு முன்னால் அந்த இளம் விரிவுரையாளர் நின்றுகொண்டிருந்தாள். ஸ்க்ரைப்பாக வந்தவர் ஒலி எழுப்பி மாணவனுக்குச் சரி தப்பு உணர்த்தினார் என்று எழுதிக் கொடுத்திருந்தாள்.

“மால்பிராக்டிஸ் மேடம். நான் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பித்தான் ஆகணும். விசாரணை முடியற வரைக்கும் ரிசல்ட் நிக்கும். நிரூபணமானா அடுத்த ரெண்டு தேர்வும் எழுத முடியாது” என்றார் அவர்.

எனக்குப் பின்னால் அவன் கைத்தடி தரையில் ஒரு தடவை தட்டியது. ரிசல்ட் நின்றால் ஜூன் போச்சு. ஜூன் போனால் கால் சென்டர்.

“நானா?” என்றார் மாமி. “வாயே திறக்கலையே நான். ஒரு வார்த்தை பேசியிருந்தா சொல்லட்டும்.”

“வார்த்தை இல்ல மேடம்” என்றாள் அந்தப் பெண். மாமியின் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள். “அவர் சரியா சொன்னா பேஷ்னு சொன்னீங்க. தப்பா சொன்னா நாக்கால ஒரு சத்தம். பல தடவை.”

“நானாவது பேஷாவது. சும்மா சொல்லாதேம்மா.”

தலைமைக் கண்காணிப்பாளர் விதிப் புத்தகத்தைத் திறந்தார். “ஸ்க்ரைப் என்பவர் வெறும் கருவி. கருவிக்கு அபிப்பிராயம் கிடையாது” என்று விளக்கினார்.

“ப்ச்” என்றது மாமியின் நாக்கு.

எல்லோரும் அவரைப் பார்த்தோம். அவருக்குத் தான் ஏதும் செய்ததாகவே தெரியவில்லை. எனக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு வந்தது, அந்த நேரத்தில் சிரித்தால் காரியம் கெடும் என்று அடக்கிக்கொண்டேன். மயிலாப்பூரில் இருபது டிசம்பர் கழித்தவளுக்கு இது விளங்காதா. இந்த மாமிகள் சபா சபாவாக உட்கார்ந்து கேட்டே வளர்ந்தவர்கள். பாடகர் எதிரே பாடினால் இவர்கள் உடம்பு பதில் சொல்லியே தீரும். நல்ல சங்கதிக்கு ஒரு பேஷ், வழுக்கினால் ஒரு ப்ச். கை தாளம் போடுவதை நிறுத்தச் சொன்னாலும் கால் கட்டைவிரல் போட்டுக்கொண்டிருக்கும். வாயைத் திறக்காதே என்றுதான் நான் சொல்லியிருந்தேன். இதையெல்லாம் அவர் வாய் திறப்பது என்று கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை.

“சார், இது பழக்கம். இப்ப உங்களுக்கே நடந்தது” என்றேன். “இந்த மாமிக்கும் இந்தப் பையனுக்கும் நேத்து வரைக்கும் அறிமுகமே கிடையாது. நான் கேன்டீன்ல இருந்து பிடிச்சிண்டு வந்தேன்.”

“பேஷ்” என்றார் மாமி மெல்ல, தலையை ஆட்டி.

“பழக்கமோ என்னவோ மேடம், அவன் காதுல விழுந்துதா இல்லையா? அவனுக்குக் காதுதானே எல்லாம்?” என்றார் தலைமைக் கண்காணிப்பாளர்.

விழுந்துதான் இருக்கும். விடைத்தாள் கட்டுக்கு முத்திரை வைத்தாகிவிட்டது, திறந்து காட்டவும் முடியாது. அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவள் இடத்தில் இருந்திருந்தால் நானும் எழுதித்தான் கொடுத்திருப்பேன், அதனால் கோபம் இன்னும் கூடியது.

அப்போதுதான் அவன் பேசினான். “காதுல விழுந்துச்சு சார்” என்றான். “எல்லாம் விழுந்துச்சு. எத்தினி பேஷு, எத்தினி ப்ச்சுன்னு கூட சொல்வேன்.”

நான் அவன் கையைப் பிடித்து அழுத்தினேன். சும்மா இரு என்று அர்த்தம். அவன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டான்.

“நான் மேடத்தாண்ட ஒண்ணு கேக்கறேன் சார். ரூம்ல இருந்தவங்க அவங்கதானே.” குரல் வந்த பக்கம் திரும்பி அந்தப் பெண்ணிடம் கேட்டான். “மேடம், மாமி பேஷ்னு சொன்னது, நான் சொல்லி எழுதினப்புறமா, முன்னாடியா?”

“அப்புறம்தான்.”

“எழுதினப்புறம் பேஷ்னா எனக்கு இன்னா மேடம் லாபம்? அது சும்மா இருந்தாலும் பேப்பர்ல கீது. சரி, மாமி ப்ச்சுன்னப்புறம் நான் இன்னா பண்ணேன்? எதனா மாத்துனேனா?”

அந்தப் பெண் யோசித்தாள். அவளுக்கு ஒரு வரியில் முடித்துவிட வழி இருந்தது. ஞாபகமில்லை என்றால் போதும், அவள் எழுதிக் கொடுத்தது நிற்கும், யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. அவள் மேசையைப் பார்க்காமல் அவனைப் பார்த்தாள்.

“மாத்தல” என்றாள். “ஒவ்வொரு தடவையும் ‘எழுதுங்க மாமி’ன்னு சொன்னீங்க. ஒரு இடம் நல்லா ஞாபகம் இருக்கு. ஆற்காடு நவாப் படையை பிரெஞ்சுக்காரங்க தோற்கடிச்ச போர் எதுன்னு கேள்வி. நீங்க அடையாறுன்னீங்க. இவங்க ப்ச்சுன்னாங்க. நீங்க திரும்பவும் அடையாறுன்னீங்க. இவங்க இன்னும் பலமா ப்ச். அப்ப நீங்க ‘எழுதுங்க மாமி’ன்னு சொல்லிட்டு ஒவ்வொரு எழுத்தா சொன்னீங்க.”

“பின்ன? அது சாந்தோம் போர்னுதானே பேர்” என்றார் மாமி, தன் கட்சியைத் தானே கவிழ்த்துக்கொண்டு. “கோட்டையில இருந்து வந்த பிரெஞ்சுக்காரன் சாந்தோம் பக்கம்தான் நவாப் ஆட்களைத் துரத்திண்டு வந்தான். எங்க மயிலாப்பூர்ப் பேட்டைச் சண்டை அது.”

“இல்ல மாமி. ஆத்தத் தாண்டும்போதுதான் அடி. எங்க குப்பத்துக்கு அந்தாண்ட, உடைஞ்ச பாலம் கீதே, அந்த முகத்துவாரம். அடையாறு சண்டை அது.”

“ப்ச். ஆறு உங்களுதுன்னா கரை எங்களுது.”

தலைமைக் கண்காணிப்பாளர் இரண்டு கையையும் தூக்கினார். அவர் வாழ்நாளில் விசாரணைக்கு வந்த யாரும் பதிலைப் பற்றிச் சண்டை போட்டிருக்க மாட்டார்கள். புத்தகங்களில் அந்தப் போருக்கு இரண்டு பெயரும் உண்டு என்பது எனக்கே பிறகு வரலாற்றுத் துறையில் கேட்டுத்தான் தெரிந்தது. அந்த நிமிஷத்தில் அது தேவைப்படவில்லை.

“சார், எது சரிங்கறதை திருத்தறவங்க பார்த்துக்கட்டும்” என்றேன். “மாமி அவனுக்குச் சொல்லிக்கொடுக்கலைன்னு நான் வாதாட வந்தேன். வாதாடவே வேண்டாம். அவங்க சொல்லிக்கொடுத்தாலும் கேக்கற ஆள் இவன் இல்ல. உங்க கண்காணிப்பாளரே சாட்சி.”

அவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். ஒலி பழக்கத்தால் எழுந்தது, மாணவன் எந்தப் பதிலையும் மாற்றவில்லை என்று அவளே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவரும் போட்டார். மின்விசிறிக் காற்றில் அந்தத் தாள் பறக்காமல் பிடித்துக்கொண்டு நான் நின்ற நிற்பை நினைத்தால் இப்போதும் மனசு லேசாகிறது, ஏதோ பெரிய பாரத்தை இறக்கி வைத்தமாதிரி.

“ஆனா அடுத்த பேப்பருக்கு வேற ஆளைப் போடுங்க மேடம்” என்றார் அவர். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், சரி என்று சொல்ல வாயெடுத்தேன்.

“எனக்கு இந்த மாமிதான் வேணும்” என்றான் அவன்.

“அடேய், தப்பிச்சோம் பிழைச்சோம்னு இருக்கு” என்றேன்.

“மத்தவங்களாண்ட சொல்றது செவுத்தாண்ட சொல்ற மாதிரி கீது மேடம். ஏறுதா இல்லையான்னே தெரியாது. இன்னிக்கு நாலு மணி நேரம் ஒருத்தங்க நான் சொன்னதைக் கேட்டாங்க. தப்புன்னு நெனச்சதையும் நான் சொன்னபடிதான் எழுதினாங்க. ஒரு எழுத்து மாத்தல. இதுக்கு மேல இன்னா மேடம் வேணும் ஒரு ஸ்க்ரைப்புக்கு?”

நான் எத்தனையோ பேருக்கு அறை வாங்கிக் கொடுத்திருக்கிறேன், நேரம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன், சாய்தளம் கட்டிக் கொடுத்திருக்கிறேன். சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க ஒரு ஆள் வேண்டும் என்று எந்த விண்ணப்பத்திலும் யாரும் எழுதியதில்லை, எனக்கும் தோன்றியதில்லை. விதிப் புத்தகத்தைத் தலைமைக் கண்காணிப்பாளர் பக்கம் திருப்பினேன். “மாணவன் தன் ஸ்க்ரைப்பைத் தானே தேர்ந்தெடுக்கலாம். இதோ இருக்கு சார். சத்தம் வராம நான் பார்த்துக்கறேன்.”

“எப்படிப் பார்த்துப்பீங்க?”

அவன் சட்டைப்பையில் கைவிட்டுக் காகிதம் சுற்றிய ஒரு கமர்கட்டை எடுத்து நீட்டினான். “இத வாயில போட்டா எங்கம்மாவே பேச மாட்டாங்க சார். தாடை ஒட்டிக்கும்.”

மாமி அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். “நன்னாத்தான் இருக்கு. பல்லு இன்னும் என்னுதுதான், கவலைப்படாதே” என்றார். மணி எப்போதோ இரண்டரையைத் தாண்டியிருந்தது. நான் கடிகாரத்தைப் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். “போனா போறது. அடுத்த வருஷம் பாடாமயா இருக்கப் போறா” என்றார். சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கத்தான் செய்தது.

அடுத்த பேப்பருக்கு மாமி கன்னத்தில் கமர்கட்டோடு உட்கார்ந்தார். ஒன்று கரைந்தால் இன்னொன்று. அதே இளம் விரிவுரையாளர் தானாகக் கேட்டு அந்த அறைக்கு வந்திருந்தாள். சத்தமே இல்லை. நடையில் உட்கார்ந்திருந்த எனக்கு அவன் குரல் மட்டும் கேட்டது. நடுவில் ஒரே ஒரு தடவை சற்று நின்றது, பிறகு தொடர்ந்தது.

வெளியே வந்ததும் அவன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். “மேடம், மிட்டாய் வாயைத்தான் அடைச்சுது. மூணாவது கேள்வில மாமி மூச்ச இழுத்துப் புடிச்சாங்க. தப்பா சொல்லிக்கினு இருக்கேன்னு தெரிஞ்சுபோச்சு.”

“என்ன பண்ணே?”

“அப்டியே உட்டேன்” என்றான். “என் தப்புல பாஸாவறேனான்னு பார்ப்போம்.”

பாஸானான். ஒரு பாடத்தில் நல்ல மார்க், மூச்சு இழுத்துப் பிடித்த பாடத்தில் எல்லைக்கோட்டை உரசிக்கொண்டு. ரிசல்ட் வந்த அன்று மூச்சிரைக்க என் அறைக்கு வந்தான். பாக்கெட் நிறையக் கமர்கட். நான் மாமிக்கும் போன் செய்தேன், எதிர்த் தெருவில்தான் இருக்கிறேன் என்று அடுத்த நிமிஷமே வந்து நின்றார். அவன் தலையில் கைவைத்து ஏதோ முணுமுணுத்தார். பி.எட். விண்ணப்பம் போட்டாயிற்று, கால் சென்டர்க்காரனுக்கு மச்சான் வேறு ஆள் பார்க்கிறார் என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் மறுபடி சாந்தோமா அடையாறா என்று ஆரம்பித்தார்கள். நான் மூன்று காபிக்குச் சொல்லி அனுப்பினேன்.

காபி வந்த பிறகு மாமி கைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். அஞ்சல்வழிக் கல்வி விண்ணப்பம். பி.ஏ. வரலாறு.

“உன்னண்டை கேட்டுண்டு போடலாம்னு வெச்சிண்டிருக்கேன்” என்றார் என்னிடம். கண்ணைப் பார்க்கவில்லை. “ஆத்துல சிரிக்கறா. இந்த வயசுல என்னத்துக்குங்கறா.”

எனக்குச் சந்தோஷத்தில் சத்தம் போட வேண்டும்போல் இருந்தது. போடுவதற்குள் தொழில் புத்தி முந்திக்கொண்டது. “மாமி, நீங்க டிகிரி வாங்கிட்டா பி.ஏ. பசங்களுக்கு எழுத முடியாதே. ஒரு படி கீழ இருக்கணுமே” என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாயைத் தைத்துக்கொள்ளலாம்போல் இருந்தது.

மாமி தாளைப் பார்த்தார். “அப்படியா” என்றார். “அப்படின்னா வேண்டாம். இதுகளுக்கு எழுதறதாவது நிக்கட்டும். எனக்கு இனிமே டிகிரி வாங்கி என்ன ஆகணும்.” சொல்லிக்கொண்டே அதைப் பழைய மடிப்பிலேயே மடிக்க ஆரம்பித்தார். காகிதம் மடிகிற சத்தம் அந்த அறையில் நன்றாகவே கேட்டது.

“ப்ச்” என்று ஒரு சத்தம் வந்தது.

மாமி நிமிர்ந்தார். நான் மாமியைத்தான் பார்த்தேன். சத்தம் அவர் வாயிலிருந்து வரவில்லை.

“நீங்க டிகிரி வாங்கறதுக்குள்ள நான் பி.எட். முடிச்சு எம்.ஏ.ல இருப்பேன் மாமி” என்றான் அவன், காபி டம்ளரை மேசையில் தடவி வைத்துவிட்டு. “எனக்கு அப்பவும் ஒரு கை வேணும். எம்.ஏ.க்கு பி.ஏ. ஒரு படி கீழதானே மேடம்?”

“கீழதான்” என்றேன்.

“அப்புறம் இன்னா. நான் ஒரு படி ஏறினா, நீங்க ஒரு படி ஏறுங்க. ரூல் ரூலாவே இருக்கட்டும்.”

மாமியின் கை மடித்த தாளின் மேலேயே இருந்தது. அவன் தன் சட்டைப்பையைத் துழாவி ஒரு பேனாவை எடுத்தான். அவனுக்கு அது எதற்கு என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஸ்க்ரைப் பேனா மறந்து வந்தால் கொடுக்க எப்போதும் ஒன்று வைத்திருப்பான். மாமி இருந்த பக்கம் அதை நீட்டினான்.

“எழுதுங்க மாமி” என்றான்.